மொழி ஆய்வும் மருந்து ஆய்வும் ஒரே வகை ஆய்வுதானா?

கேள்வி இதுதான்: "இயற்பியல், மருத்துவம், மொழியியல், கணினி என எல்லாத் துறையிலும் 'ஆய்வு' என்ற ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் துறைக்கு ஒன்றாக நான்கு கட்டுரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஒன்றில் ஆயிரக்கணக்கான பெயர்கள், இன்னொன்றில் ஒரே ஆள். ஒன்றில் பெரிய ஆய்வுக்கூடம், இன்னொன்றில் பழைய சொற்களின் பட்டியல். இவையெல்லாம் ஒரே வகை வேலைதானா? சோதனையே செய்யாத மொழி ஆராய்ச்சியை மற்றவற்றுக்குச் சமமாகச் சொல்வது சரியா?"

கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: சரிதான். ஏன் என்று விளக்கத்தான் இந்த நீளமான பதில்.

பல துறைக்காரர்களின் தரவுகளைப் பார்த்துப் புள்ளியியல் ஆலோசனை சொல்வது என் வேலை. காலையில் ஒரு மருத்துவர் வருவார், மதியம் மொழியியல் படிக்கும் ஒரு மாணவி, சாயங்காலம் கணினித் துறையிலிருந்து ஒருவர். மூவரும் பேசும் பாஷை வேறு. ஆனால் மூவருக்கும் உள்ளுக்குள் ஒரே பயம்: "நான் பார்க்க ஆசைப்பட்டதையே பார்த்துவிட்டேனோ?" இந்தப் பயத்துக்கு ஒவ்வொரு துறையும் தனக்கென ஒரு வழியைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. நான்கு கட்டுரைகளும் நான்கு மாதிரி இருப்பதற்கு முக்கியக் காரணம் அந்த வழிகள் வேறு வேறாக இருப்பதுதான்.

மருத்துவத்திலிருந்து தொடங்குகிறேன். அங்கே அந்த வழி ஒரு நிஜமான காகித உறையாக இருந்தது. 1947இல் பிரிட்டனில், ஸ்ட்ரெப்டோமைசின் என்ற புது மருந்துக்குக் காசநோய் கேட்குமா என்று பார்க்க வேண்டியிருந்தது. போர் முடிந்த சமயம். எல்லோருக்கும் கொடுக்கும் அளவுக்கு மருந்து இல்லை. யாருக்குக் கொடுப்பது என்பதை மருத்துவரிடமே விட்டால் என்ன ஆகும்? நல்ல மனசுள்ள மருத்துவர், தேறி வருவார் என்று தனக்குத் தோன்றும் நோயாளிக்கே கொடுக்க நினைப்பார். பிறகு அந்த நோயாளி பிழைத்தால், மருந்தால் பிழைத்தாரா, மருந்து இல்லாமலும் பிழைத்திருப்பாரா என்று பிரிக்கவே முடியாது.

ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியலாளர் ஓர் ஏற்பாடு செய்தார். 'மருந்து' அல்லது 'படுக்கை ஓய்வு மட்டும்' என்று குலுக்கல் எண்களின்படி முன்கூட்டியே எழுதி, உறைகளில் போட்டு ஒட்டிவிட்டார். உறையின் மேல் மருத்துவமனையின் பெயரும் ஓர் எண்ணும் மட்டுமே இருக்கும். இந்த நோயாளியைச் சோதனையில் சேர்க்கலாம் என்று முடிவான பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள். எக்ஸ்ரே படங்களைப் பார்த்து மதிப்பிட்டவர்களுக்கும் எந்தப் படம் எந்தத் தரப்பைச் சேர்ந்தது என்று தெரியாது.

மொத்தம் 107 நோயாளிகள். மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 4 பேர். ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். 1948இல் வெளியான அந்தக் கட்டுரையை இன்றைக்கு எடுத்துப் படித்தாலும் அதன் நேர்மை பளிச்சென்று தெரியும். நல்ல செய்தியோடு நிறுத்தாமல், பலருடைய உடலில் கிருமி மருந்தை எதிர்க்கப் பழகிவிட்டது என்பதையும் சேர்த்தே எழுதினார்கள். ஒரே மருந்தை நம்பாமல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் இன்றைய காசநோய் சிகிச்சைக்கு அந்த வழியில்தான் வந்து சேர்ந்தோம்.

அதே சோதனையில் மனதை உறுத்தும் விஷயம் ஒன்றும் உண்டு. ஓய்வுத் தரப்பில் இருந்தவர்களுக்கு, தாங்கள் ஒரு சோதனையில் இருப்பதே சொல்லப்படவில்லை. இன்று அப்படிச் செய்ய முடியாது. 1964ஆம் ஆண்டின் ஹெல்சிங்கி பிரகடனம், விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்குவதை மருத்துவ ஆய்வின் அடிப்படையாக வைத்தது. மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளில் சம்மதம், நெறிமுறைக் குழு என்று வருவதைச் சடங்கு என்று நினைத்துத் தாண்டிவிடாதீர்கள். மனிதர்கள் பட்ட துன்பத்திலிருந்து வந்த வரிகள் அவை.

சரி, எல்லாவற்றையும் குலுக்கிப் போட்டுவிட முடியுமா? 'நீ இருபது வருஷம் சிகரெட் பிடி, நீ பிடிக்காதே' என்று யாரிடம் உறை கொடுக்க முடியும்? அதனால் ஹில்லும் ரிச்சர்டு டால் என்ற மருத்துவரும் வேறு வழியில் போனார்கள். 1951இல் பிரிட்டனின் மருத்துவர்களுக்கே கடிதம் எழுதி, அவர்களுடைய புகைப்பழக்கத்தைக் கேட்டு வாங்கினார்கள். பதில் எழுதிய 34,439 ஆண் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். புகைப்பதை விடாதவர்கள் சராசரியாகப் பத்து வருஷம் முன்னதாகவே இறந்தார்கள் என்ற கட்டுரை 2004இல் வந்தபோது டாலுக்கு வயது 91. இங்கே குலுக்கல் இல்லை. புகைப்பவரிடம் வேறு ஏதாவது குறை இருந்திருக்கலாமே என்ற சந்தேகத்தை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, காலத்தையும் எண்ணிக்கையையும் கொண்டு அதை ஒடுக்க வேண்டும். மெதுவான வேலை. ஆனால் வேறு வழி இல்லாத இடத்தில் இதுதான் வழி.

மருத்துவத்தில் இன்னொரு வகையும் உண்டு. புதிதாக எதையும் அளக்காமல், மற்றவர்கள் ஏற்கெனவே செய்ததையெல்லாம் தேடிச் சேர்த்துப் பார்ப்பது. குறைமாதப் பிரசவம் ஆகப்போகும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர்கிறது என்பதை 1972இலேயே நியூசிலாந்தில் ஒரு சோதனை காட்டியது. அதற்குப் பிறகும் பல சோதனைகள் நடந்தன. பெரும்பாலானவை சின்னவை, தனியாகப் பார்த்தால் எதையும் உறுதியாகச் சொல்லாதவை. எல்லாவற்றையும் முறையாகச் சேர்த்துப் பார்த்த கட்டுரை வர 1989 ஆயிற்று. சேர்த்தபோது பதில் தெளிவாக இருந்தது. இடையில் போன குழந்தைகளை நினைத்தால் மனசு கனக்கிறது. இப்படி மருத்துவச் சோதனைகளைத் தொகுத்துப் பார்ப்பதற்காக 1993இல் தொடங்கிய காக்ரேன் என்ற அமைப்பின் சின்னத்தில் இருக்கும் கிடைக்கோடுகள் அந்த ஸ்டீராய்டு சோதனைகளின் முடிவுகள்தான். 'வெறும் தொகுப்புதானே' என்று யாராவது முறையான தொகுப்பாய்வைக் குறைத்துப் பேசினால் எனக்குக் கோபம் வரும்.

இயற்பியலுக்கு வருவோம். மருத்துவத்தில் பொதுவாக, தற்செயலாக வர 20இல் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பே உள்ள முடிவைக் கவனிக்கத்தக்கது என்று எடுத்துக்கொள்கிறார்கள். துகள் இயற்பியலில் 'கண்டுபிடித்துவிட்டோம்' என்று சொல்ல ஐந்து சிக்மா வேண்டும். அதாவது, உண்மையில் ஒன்றுமே இல்லாதபோதும் தரவின் வரைபடத்தில் இப்படி ஒரு முகடு தோன்றும் வாய்ப்பு சுமார் 35 லட்சத்தில் ஒன்றாக இருக்க வேண்டும். 2012 ஜூலை 4 அன்று, மற்ற அடிப்படைத் துகள்களுக்கு நிறை வருவதோடு தொடர்புள்ள ஹிக்ஸ் துகளை அறிவித்தபோது இரண்டு தனித்தனிக் குழுக்கள் அந்த அளவைத் தொட்டிருந்தன. மருத்துவர்கள் சோம்பேறிகளா என்றால், இல்லை. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் உள்ள 27 கிலோமீட்டர் மோதுவி வளையத்தில் புரோட்டான்களை எத்தனை கோடி முறை வேண்டுமானாலும் மோதவிடலாம். நோயாளிகளை அப்படிச் செய்ய முடியாது, அவர்கள் காத்திருக்கவும் முடியாது. ஆயிரக்கணக்கான பெயர்கள் என்று கேட்டீர்கள் அல்லவா, அந்த வளையத்திலிருந்து 2015இல் வந்த ஒரு கட்டுரையில் 5,154 பேர் ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும்தான். கருவியைக் கட்டியவர், அளவைச் சரிபார்த்தவர், நிரல் எழுதியவர் என்று எல்லோரும் சேர்ந்தால்தான் அந்த ஓர் எண் கிடைக்கும்.

இயற்பியலாளர்களும் உறையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஈர்ப்பு அலைகளைத் தேடும் லைகோ கருவிக்கு நான்கு கிலோமீட்டர் நீளக் கைகள் இரண்டு. ஒரு புரோட்டானின் குறுக்களவில் பல நூறில் ஒரு பங்கு அளவு அசைவை அது பிடிக்க வேண்டும். அவ்வளவு நுண்ணிய இடத்தில் இல்லாததை இருப்பதாகப் பார்ப்பது மிகவும் சுலபம். அதனால் மிகச் சிலருக்கு மட்டும் தெரிந்து, போலி சமிக்ஞைகளை ரகசியமாக உள்ளே நுழைக்கும் வழக்கம் வைத்திருந்தார்கள். 2010 செப்டம்பரில் அருமையான ஒரு சமிக்ஞை வந்தது. குழு மாதக்கணக்கில் அலசி, கட்டுரையே எழுதி முடித்தது. 2011 மார்ச்சில் எல்லோரும் கூடியிருந்த கூட்டத்தில் உறையைப் பிரித்தார்கள். அது நுழைக்கப்பட்டதுதான். ஏமாற்றம் இருந்திருக்கும். ஆனால் 2015 செப்டம்பர் 14 அன்று நிஜமான அலை வந்தபோது, அதை எப்படிச் சோதிப்பது என்று அவர்களுடைய கைகளுக்குப் பழகியிருந்தது. முதலில் எழுந்த கேள்வியே 'இதுவும் நுழைத்ததா?' என்பதுதான்.

அதற்குச் சற்று முன்னால், 2011இல், நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் ஒளியைவிட வேகமாகப் போவதாகத் தெரிகிறது என்று ஒரு குழு அறிவித்தது. சுமார் 730 கிலோமீட்டர் தூரத்தில் 60 நானோநொடி முன்னதாக வந்துவிட்டன. அந்தக் குழு 'எங்களால் பிழையைக் கண்டுபிடிக்க முடியவில்லை, நீங்களும் பாருங்கள்' என்று முழுவதையும் திறந்து வைத்தது. கடைசியில் பார்த்தால், ஓர் ஒளியிழைக் கேபிள் சரியாகத் திருகி மாட்டப்படவில்லை. இதை அசிங்கமாக நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பிழை வெளியே வந்த விதம்தான் எனக்கு முக்கியம்.

இப்போது மொழிக்கு வருகிறேன். உங்கள் கேள்வியின் முள் இங்கேதானே இருக்கிறது.

மொழி வரலாற்றை ஆராய்பவரால் சோதனை செய்ய முடியாது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் பேசியவரைக் கூப்பிட்டுக் கேட்க முடியாது. அவர் கையில் இருப்பதெல்லாம் சொற்கள். நாமும் பார்ப்போம். தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. பத்து, ஹத்து. பல், ஹல்லு. புலி, ஹுலி. ஒரு சொல் ஒத்துப்போனால் தற்செயல் என்று விட்டுவிடலாம். வரிசையாக வந்தால் அது விதி. இரண்டு மொழிக்கும் மூலமான மொழியில் இருந்தது பகரமா, ஹகரமா? பகரம் என்று மொழியியலாளர் சொன்னால் அது ஊகம் மாதிரித்தான் தெரியும். ஆனால் பழங்கன்னடக் கல்வெட்டுகளைத் திறந்து பார்க்கலாம். அங்கே பகரமே நிற்கிறது, ஹகரம் பிற்காலத்தில்தான் வருகிறது. ஊகத்தைச் சரிபார்க்கும் உறை கல்லில் இருந்தது.

இன்னும் அழகானது ஒன்று உண்டு. தமிழில் செவி, கன்னடத்தில் கிவி. தமிழில் சிறு, பழங்கன்னடத்தில் கிறு. செம்மையின் 'செம்', அங்கே 'கெம்'. இகரமும் எகரமும் பின்னால் வந்தால் பழைய ககரம் தமிழில் சகரமாகிவிட்டது என்று விதி போடலாம். உடனே ஒரு சந்தேகம் வர வேண்டும். அப்படியானால் கிளி ஏன் சிளி ஆகவில்லை? கேள், கீழ், கெடு, கிணறு எல்லாம் ஏன் ககரத்தோடே இருக்கின்றன? விதி உடைந்துவிட்டதா?

கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கிளியில் ள. கேளில் ள. கீழில் ழ. கெடுவில் ட. கிணற்றில் ண. எல்லாமே நாக்கை மடித்துச் சொல்லும் ஒலிகள். அடுத்து நாமடி ஒலி வந்தால் ககரம் மாறாது என்பதுதான் விதியின் இரண்டாம் பாதி. விதிவிலக்கு மாதிரி தெரிந்தவை எல்லாம் ஒரே கூட்டம். தெலுங்கில் இந்தத் தடை கிடையாது, அதனால் நம் 'கெடு' அங்கே 'செடு' ஆகிவிட்டது. இதை முதன்முதலாகப் புரிந்துகொண்ட நாளில் நான் அகராதியை மூடவே இல்லை. தினமும் வாயில் புழங்கும் சொற்களுக்குள் இவ்வளவு ஒழுங்கு இருக்கிறது, பேசுபவர் ஒருவருக்கும் தெரியாமலே இருக்கிறது.

இதைவிட உறுதியான சாட்சி வேண்டுமா? ஃபெர்டினாண்டு தெ சொசூர் என்ற சுவிஸ் மொழியியலாளர் 21 வயதில், 1878இன் இறுதியில், ஒரு கருத்தை வெளியிட்டார். லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம் போன்றவற்றுக்குத் தாயான இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில், அதிலிருந்து வந்தவையாக அன்று தெரிந்திருந்த எந்த மொழியிலும் அப்படியே நிலைக்காத சில ஒலிகள் இருந்திருக்க வேண்டும், அப்படி வைத்தால்தான் உயிரெழுத்துகளின் குழப்பம் தீரும் என்றார். கேட்டவர்கள் பலர் ஏற்கவில்லை. 1913இல் அவர் இறந்தும்விட்டார். அதற்குப் பின், துருக்கியின் மண்ணிலிருந்து எடுத்த களிமண் பலகைகளில் இருந்த ஹிட்டைட் மொழியை 1915இல் பெட்ரிச் ஹ்ரோஸ்னி படித்துக் காட்டினார். 1927இல் யெர்சி குரிவோவிச் என்பவர், சொசூர் சொன்ன இடங்களில் ஹிட்டைட் மொழியில் ஓர் ஒலி நிற்பதைக் கவனித்தார். லத்தீனில் 'அந்தே', கிரேக்கத்தில் 'அந்தி' என்று உயிரில் தொடங்கும் சொல்லுக்கு உறவான சொல், ஹிட்டைட்டில் 'ஹந்த்' என்று தொடங்குகிறது. மூவாயிரம் வருஷத்துக்கும் மேல் மண்ணுக்குள் கிடந்த விடையை, கண்ணால் பார்க்காமலே ஓர் இளைஞர் சொல்லியிருக்கிறார். இதற்கும் லைகோ குழுவினர் பிரித்த உறைக்கும் அடிப்படையில் என்ன வித்தியாசம்? உறையை ஒட்டியது காலம் என்பது மட்டும்தான்.

உயிரியலில், கடந்த காலத்தையே பெட்டியில் வைத்துப் பூட்டிய ஓர் ஆய்வு இருக்கிறது. ரிச்சர்டு லென்ஸ்கி 1988 பிப்ரவரியில் ஒரே மாதிரியான பாக்டீரியாவை 12 குடுவைகளில் வளர்க்கத் தொடங்கினார். தினமும் நூறில் ஒரு பங்கை எடுத்துப் புதுக் குடுவைக்கு மாற்ற வேண்டும், 500 தலைமுறைக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்து உறையவைக்க வேண்டும். 30,000 தலைமுறைகள் தாண்டிய பிறகு ஒரே ஒரு குடுவை மட்டும் கலங்கியது. குடுவைத் திரவத்தில் இருந்தும் அதுவரை அந்தச் சூழலில் உணவாகாத சிட்ரேட் என்ற வேதிப்பொருளை அதிலிருந்த பாக்டீரியா சாப்பிடக் கற்றுக்கொண்டுவிட்டது. தற்செயலா, தயாராகிக்கொண்டே வந்ததா? உறையவைத்த பழைய தலைமுறைகளை எழுப்பி மறுபடி ஓடவிட்டார்கள். சுமார் 20,000 தலைமுறைக்குப் பிந்தையவற்றிலிருந்து தொடங்கினால் மட்டுமே அது திரும்ப நடந்தது. வரலாற்றைத் திரும்ப ஓட்டிப் பார்க்கும் வசதி மொழியியலாளருக்கு இல்லை. இந்தக் கட்டுரையைப் படிக்கும்போது அவர்களுக்குக் கொஞ்சம் பொறாமை வரும் என்று நினைக்கிறேன்.

கணிதத்தைப் பற்றிச் சுருக்கமாக. அங்கே தரவு இல்லை, நிரூபணம் மட்டுமே. ஆனால் நிரூபணத்தையும் ஆள்தான் படிக்க வேண்டும். எண்களைப் பற்றிய ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்துக்கு நிரூபணம் கண்டதாக ஆண்ட்ரூ வைல்ஸ் 1993இல் அறிவித்தார். சரிபார்க்கும்போது ஓர் இடைவெளி தெரிந்தது. அதை ரிச்சர்டு டெய்லரோடு சேர்ந்து அடைக்க 1994 செப்டம்பர் ஆயிற்று. பந்துகளை மிக நெருக்கமாக அடுக்குவது எப்படி என்பதைப் பற்றிய கெப்ளர் ஊகத்துக்குத் தாமஸ் ஹேல்ஸ் கொடுத்த நிரூபணத்தைப் பார்த்த நடுவர்கள் 'சரி என்று 99 விழுக்காடு நம்புகிறோம்' என்று கைவிரித்தார்கள். ஹேல்ஸ் அந்த ஒரு விழுக்காட்டுக்காகப் பல வருஷம் உழைத்து, கணினியே வரி வரியாகச் சரிபார்க்கும் நிரூபணத்தை 2014இல் முடித்தார்.

கணினித் துறையில் நிலைமை வேறு. 'வேலை செய்கிறதா?' என்பதே அங்கே பெரிய சாட்சி. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் ஒரு மாணவர் எக்ஸ்ரே படங்களைப் பார்த்து நோயைச் சொல்லும் நிரலோடு வந்தார். எண்கள் நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருந்தன. பயிற்சிக்கு ஒரு பகுதி, தேர்வுக்கு ஒரு பகுதி என்று படங்களை முறையாகப் பிரித்திருந்தார். நான் கேட்டது ஒன்றுதான்: "ஒரே நோயாளியின் இரண்டு படங்கள் இரண்டு பக்கமும் இருக்கின்றனவா?" அவர் முகம் மாறியது. படங்களைப் பிரித்தாரே தவிர ஆட்களைப் பிரிக்கவில்லை. நிரல் நோயைக் கற்காமல் ஆளை அடையாளம் காணக் கற்றிருந்தது. ஆள்வாரியாகப் பிரித்து ஓட்டியதும் எண்கள் சரிந்தன. அவர் அன்றைக்கு இரவே மறுபடி தொடங்கினார், பிறகு சுமாரான, ஆனால் உண்மையான ஒரு முடிவோடு வந்தார். அந்த இரண்டாவது வருகையை நான் மறக்கவில்லை.

தேர்வுக்கு உரியது இப்படிப் பயிற்சிக்குள் கசிவதைத் தடுக்க அந்தத் துறையில் நடக்கும் நல்ல ஏற்பாடுகளில் ஒன்று காஸ்ப் போட்டி. 1994இலிருந்து இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிறது. ஒரு புரதத்தின் வடிவத்தை ஆய்வகத்தில் கண்டறிந்தவர்கள் அதை வெளியிடாமல் வைத்திருப்பார்கள். மற்றவர்கள் அமினோ அமில வரிசையை மட்டும் பார்த்து வடிவத்தைக் கணித்து அனுப்ப வேண்டும். அப்புறம்தான் விடை வெளிவரும். 2020 போட்டியில் ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் மற்றவர்களை வெகுதூரம் தாண்டியது. 2024 வேதியியல் நோபலில் அதை உருவாக்கியவர்களுக்கும் பங்கு கிடைத்தது. அந்த வெற்றியை உயிரியலாளர்கள் உடனே நம்பியதற்கு, விடை மூடியிருந்தது என்பது பெரிய காரணம்.

விடையைப் பார்க்காமல் சோதிக்கும் இந்தப் பழக்கம் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு உளவியலே சாட்சி. 2015இல் ஒரு பெரிய குழு, வெளியாகியிருந்த 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு தெளிவான முடிவு சொல்லியிருந்தன. திரும்பச் செய்தபோது அப்படி வந்தது 36 விழுக்காடுதான். மோசடி என்று இதற்குப் பொருள் இல்லை. தரவைப் பார்த்த பிறகு கேள்வியைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளும் சபலம் எல்லோருக்கும் வரும். அதனால்தான் இப்போது பலர், என்ன கேட்கப்போகிறோம், எப்படி அலசப்போகிறோம் என்பதை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு ஆய்வைத் தொடங்குகிறார்கள்.

துறைகளுக்கு நடுவே சுவர் இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். 1966இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் வெந்நீர் ஊற்றில் தாமஸ் பிராக் ஒரு பாக்டீரியாவைத் தேடி எடுத்தார். அவ்வளவு சூட்டில் எது வாழ்கிறது என்ற ஆர்வம்தான் காரணம், நோயைப் பற்றிய நினைப்பே இல்லை. அதன் சூடு தாங்கும் நொதிதான் பின்னாளில், டி.என்.ஏ. துணுக்குகளைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆர் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்த முறை இல்லாமல் இன்றைய நோய்க்கிருமிச் சோதனைகள் பலவும் இல்லை.

ஆகவே உங்கள் நான்கு கட்டுரைகளையும் திரும்ப எடுங்கள். சுருக்கத்தையும் முடிவுரையையும் விட்டுவிட்டு நேராக ஆய்வுமுறைப் பகுதிக்குப் போங்கள். மருத்துவக் கட்டுரையில், யார் எந்தத் தரப்பு என்பது யாருக்கெல்லாம் தெரியாமல் இருந்தது என்று தேடுங்கள். இயற்பியல் என்றால், இரண்டாவதாக ஒரு கருவியோ குழுவோ அதையே பார்த்ததா என்று பாருங்கள். கணினி என்றால், தேர்வுக்கு வைத்த தரவு எங்கிருந்து வந்தது என்பதே முதல் கேள்வி. மொழியியல் கட்டுரையில் விதிவிலக்குகள் இருக்கும் பக்கத்தை முதலில் படியுங்கள். செவியை மட்டும் காட்டிவிட்டுக் கிளியைச் சொல்லாமல் போயிருந்தால், அந்தக் கட்டுரையை ஓரமாக வைத்துவிடலாம்.